பிபிசி மைக்ரோ கணினியில் ஒலி

பிபிசி மைக்ரோ என்பது பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் கணினிக் கல்வித் திட்டத்திற்காக கேம்பிரிட்ச் நகரின் ஏக்கார்ன் நிறுவனம் 1981 இல் வெளியிட்ட 8-பிட் கணினி ஆகும். 1984 இல் இந்திய நடுவண் அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இது இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பின்னர் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதனை உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது.

ஒலிச் சில்லு

டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் எஸ்என்76489 என்னும் சில்லு இக்கணினிக்கு ஒலி தருகிறது. இதில் சுரம் எழுப்பும் மூன்று தடங்களும் இரைச்சல் எழுப்பும் ஒரு தடமும் உள்ளன. ஒலிபெருக்கி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் தனியாக ஒலி அட்டை எதையும் பொருத்த வேண்டியதில்லை. வெளியே ஒலியளவுத் திருகு கிடையாது; வகுப்பறையில் இரைச்சல் மிகுந்தால், நட்சத்திரக் குறியுடன் 'எஃப்எக்ஸ் 210,1' என்ற கட்டளையை இட்டு ஒலியை நிறுத்தலாம்.

சவுண்ட் கட்டளை

பேசிக் மொழியில் சவுண்ட் கட்டளை (உரோமன் பேரெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்) நான்கு எண்களைப் பெறும். அவை முறையே தடம், உரப்பு, சுருதி, கால அளவு. உரப்பில் 0 என்பது அமைதி, -15 என்பது உச்சம். கால அளவின் அலகு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. எனவே 'சவுண்ட் 1, -15, 53, 20' என்பது ஆர்மோனியத்தின் ஒரு கட்டைக்கு உரிய நடு 'சி' சுரத்தை ஒரு விநாடி ஒலிக்கச் செய்யும்.

சுருதி எண்ணில் நான்கு கூடினால் ஓர் அரைச்சுரம் உயரும். ஆகவே மாயாமாளவகௌளையின் ஆரோகணத்தை 53, 57, 69, 73, 81, 85, 97, 101 என எழுதலாம். சரளி வரிசை கற்ற மாணவருக்கு இது மிக எளிது. ஆனால் ஏறத்தாழ 122 அதிர்வெண்ணுக்குக் கீழே சுரத் தடங்கள் இறங்கா. ஆண் குரலின் ஒரு கட்டை ஆதார ஷட்ஜம் (சுருதி எண் 5) ஒருவாறு கிட்டும்; அதற்குக் கீழான மந்திர பஞ்சமம் கிட்டாது.

கமகம்

அசையாத சுரம் மட்டும் இருந்தால் அது இராகம் ஆகாது. இக்குறையை என்வலப் கட்டளை ஓரளவு தீர்க்கிறது. இது பதினான்கு எண்களைப் பெறும். முதல் எண் உறையின் அடையாளம், இரண்டாவது படியின் கால அளவு (விநாடியில் நூறில் ஒரு பங்கு). அடுத்த ஆறும் சுருதி அசைவையும், கடைசி ஆறும் உரப்பின் ஏற்ற இறக்கத்தையும் குறிக்கும்.

'என்வலப் 1, 2, 1, -1, 1, 2, 4, 2, 127, 0, 0, -5, 126, 126' என இட்டு, பின்னர் 'சவுண்ட் 1, 1, 69, 40' என இட்டால் காந்தாரம் விநாடிக்கு ஆறு முறை மேலும் கீழும் அரைக்கால் சுரமாக அன்றி அரைச்சுரத்தில் பாதி அளவு அசையும். இரண்டாவது எண்ணாக உள்ள 1, உரப்புக்குப் பதிலாக உறையைச் சுட்டுகிறது. இது கம்பிதத்தின் நிழல் மட்டுமே. அசைவு ஒரே சீராக இருப்பதால் பாடகரின் கமகத்திற்கு ஈடாகாது. எனினும் 32 கிலோபைட்டு நினைவகம் கொண்ட பொறிக்கு இது பெரிய செயல்.

இரைச்சல் தடம்

0 ஆம் தடத்தில் மூன்றாவது எண் 4 முதல் 6 வரை இருந்தால் சீரற்ற இரைச்சல் எழும். 4 கூர்மையானது, 6 தடித்தது. 'சவுண்ட் 0, -12, 4, 1' சலங்கைக் குலுங்கல் போல ஒலிக்கும். சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறி ஓசைக்கு 'சவுண்ட் 0, -15, 6, 3' என்பதையும் 'சவுண்ட் 0, 0, 6, 7' என்பதையும் மாறி மாறி இடலாம். விநாடிக்கு இரண்டு அடி விழும். ஒலிகள் வரிசையில் காத்திருந்து ஒலிப்பதால் நிரல் அடுத்த வேலையைத் தொடரலாம். வரிசை நிறைந்தால் மட்டும் இடம் கிடைக்கும்வரை நிற்கும்.

பேச்சுச் சில்லு

தாய்ப்பலகையின் வெற்றுக் கொளுவிகளில் பேச்சுச் செயலி, சொற்கள் பதிந்த நினைவகம் ஆகிய இரு சில்லுகளைக் கூடுதலாகப் பொருத்தலாம். பொருத்தும்போது மின்இணைப்பைத் துண்டித்து, சில்லின் வெட்டுக்குறியின் திசையைச் சரிபார்க்க வேண்டும். பிபிசி செய்தி வாசிப்பாளர் கென்னத் கெண்டலின் குரலில் ஆங்கிலச் சொற்கள் ஒலிக்கும். இச்சொற்கள் முன்னரே பதியப்பட்டவை.

இன்று இயக்குதல்

நெடுநாள் கிடந்த கணினியை நேரடியாக மின்சாரத்தில் இணைப்பது தவறு. மின்வழங்கியிலுள்ள பழைய வடிகட்டு மின்தேக்கிகள் வெடித்துப் புகையக்கூடும். முதலில் அவற்றை மாற்றுவது நல்லது. மின்வழங்கியினுள் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கலாம் என்பதால் அப்பணியைத் தேர்ந்த தொழில்நுட்பரிடமே விட வேண்டும். பொறி இல்லாதவர்கள் பீபெம், ஜேஎஸ்பீப் ஆகிய போன்மிகளில் மேற்கண்ட சவுண்ட், என்வலப் கட்டளைகளை இட்டுப் பார்க்கலாம்.