ஆளில்லா டாக்ஸியும் ஆள் ஏற்க வேண்டிய பொறுப்பும்

2004 மார்ச்சில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான டார்ப்பா மொஹாவி பாலைவனத்தில் ஒரு பந்தயம் நடத்தியது. சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தை ஓட்டுநர் இல்லாமல் கடக்கும் வண்டிக்குப் பரிசு 10 லட்சம் டாலர். எந்த வண்டியும் 12 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் பாதையை முழுதாகக் கடந்தன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ முதலில் வந்தது. 2009-இல் கூகுள் தொடங்கிய ஆய்வு வேமோ என்ற நிறுவனமாக வளர்ந்து, 2020-இல் ஃபீனிக்ஸ் புறநகரில் ஓட்டுநரே இல்லாத டாக்ஸியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இந்தப் பதினாறு ஆண்டுகளில் இயந்திரத்தின் திறமை கூடிக்கொண்டே வந்தது. அதே வேகத்தில் நிறுவனங்களின் பொறுப்புணர்வு கூடவில்லை. இத்தொழில் கண்ட இரண்டு பெரும் சரிவுகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதல் சரிவு 2018 மார்ச்சில், அரிசோனாவின் டெம்பியில். இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது ஊபரின் சோதனைக் கார் மோதியது, அவர் உயிரிழந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தவை கவனிக்கத்தக்கவை. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே அவரது உருவம் கருவிகளில் பதிவாகிவிட்டது. ஆனால் கணினி அவரை வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றிக் கணித்தது. குறுக்குப்பாதை இல்லாத இடத்திலும் ஆள் கடக்கக்கூடும் என்பதற்கு மென்பொருளில் இடமே இல்லை. வோல்வோ அந்தக் காரில் பொருத்தியிருந்த தானியங்கி அவசர பிரேக்கையும் சோதனையின்போது அணைத்து வைத்திருந்தார்கள். காருக்கு இருவர் என்றிருந்த கண்காணிப்பும் ஒருவராகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. பின்னாளில் நீதிமன்றத் தண்டனையும் அவருக்கே. நிறுவனத்தின்மீது குற்ற வழக்கு பாயவில்லை.

இரண்டாவது சரிவு சான்ஃபிரான்சிஸ்கோவில். 2023 ஆகஸ்டில் வேமோவுக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் குரூஸுக்கும் அந்நகரில் 24 மணி நேரமும் கட்டணச் சேவை நடத்த அனுமதி கிடைத்தது. அக்டோபர் 2 அன்று, மனிதர் ஓட்டிய வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண் குரூஸ் டாக்ஸியின் முன் வந்து விழுந்தார். டாக்ஸி அவர்மீது மோதி நின்றது. பிறகு ஓரங்கட்டுவதற்காக நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரை சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்றதை நிறுவனம் தங்களிடம் முறையாகத் தெரிவிக்கவில்லை என்று கூறிய கலிஃபோர்னிய வாகனத் துறை, அம்மாதமே உரிமத்தை நிறுத்தியது. கூட்டரசு விசாரணைக்குப் பொய்யான அறிக்கை தந்ததை குரூஸ் 2024-இல் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் டாக்ஸித் திட்டத்தையே கைவிட்டது. மோதியது பிழை என்றால், மறைத்தது முடிவு.

மனிதர் ஓட்டும் வண்டிகளால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் இறக்கிறார்கள்; கட்டுப்பாடுகளால் இத்தொழிலைத் தாமதப்படுத்துவதும் உயிர்ப்பலிதானே என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்விதான். 2025 ஜனவரி வரை 5.67 கோடி மைல் ஓடிய வேமோ வண்டிகளில், காயம் விளைவிக்கும் விபத்துகள் மனிதர் ஓட்டும் வண்டிகளைவிட வெகுவாகக் குறைவு என்று அந்நிறுவன ஆய்வாளர்களே ஆய்விதழில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மரணம் அபூர்வமாக நிகழ்வது. மரண விகிதத்தில் மனிதருக்குச் சளைத்ததல்ல என்று நிரூபிக்க, ஒரு மரணமும் இன்றி 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று ராண்ட் நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. காயங்களைப் பற்றிய கணக்கை வெளியார் சரிபார்க்க முடிவதற்கும், இத்தகைய வண்டிகளின் விபத்துகளைத் தெரிவித்தே தீர வேண்டும் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021-இல் பிறப்பித்த ஆணை துணைநிற்கிறது. தடை என்று பழிக்கப்படும் கட்டுப்பாடுதான் இத்தொழிலின் நற்பெயருக்குச் சான்று தருகிறது.

ஆகவே ஆளில்லா டாக்ஸிக்கு அனுமதி தரும் எந்த அரசும் வண்டி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதோடு நிற்கக் கூடாது. விபத்து நடந்தால் முழுப் பதிவும் எத்தனை நாளில் அரசின் கைக்கு வரும், மறைத்தால் தண்டனை யாருக்கு என்பவற்றை உரிமத்திலேயே எழுதிவிட வேண்டும்.