கணக்குக் கேட்ட கட்சியும் மாவட்டச் செயலாளர்களும்: அ.தி.மு.க. நிர்வாகிகள் வரலாற்றில் திண்டுக்கல்

அ.தி.மு.க.வின் வரலாற்றில் திண்டுக்கல்லுக்கு உரிய இடத்தை 1973 மே மாத இடைத்தேர்தலோடு முடித்துவிடுவது வழக்கம். கட்சி தொடங்கிய ஏழே மாதங்களில் கே. மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றார். ஸ்தாபன காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம் பெற, ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. ஆனால் திண்டுக்கல்லின் பங்கு அத்துடன் முடியவில்லை. பிற்காலத் தலைமை நிர்வாகிகள் பட்டியலிலும் இவ்வூரைத் தொடர்ந்து பார்த்தால், கட்சிக்குள் அதிகாரம் அடிப்படை உறுப்பினரிடமிருந்து மாவட்டச் செயலாளரிடம் நகர்ந்தது புலப்படும்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் பொருளாளர். அமைச்சர்கள் முதல் மாவட்ட, வட்டச் செயலாளர்கள் வரை சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று திருக்கழுக்குன்றத்தில் பேசினார், அதையொட்டியே நீக்கப்பட்டார். நிர்வாகிகளிடம் கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சி, தன் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி வகுத்ததில் வியப்பில்லை.

பொருளாளர் பதவியே பின்னர் இக்கட்சியின் பிளவுகளுக்கும் களமானது. 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் சசிகலாவுக்கு எதிராகக் குரல் எழுப்பியதும், அவரிடமிருந்து அப்பதவி பறிக்கப்பட்டுத் திண்டுக்கல் சி. சீனிவாசனிடம் தரப்பட்டது. 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு பன்னீர்செல்வத்தை நீக்கியபோதும் பொருளாளரானவர் சீனிவாசனே. அப்போதே நத்தம் இரா. விசுவநாதன் துணைப் பொதுச்செயலாளரானார். இருவரும் முன்னாள் அமைச்சர்கள், மாவட்டத்தில் வேரூன்றியவர்கள். சீனிவாசன் திண்டுக்கல்லிலிருந்து நான்கு முறை மக்களவைக்குச் சென்றவர். தலைமைக்கழகப் பதவிகள் மாவட்டச் செல்வாக்கின் வழியே நிரப்பப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தி.மு.க.விலும் இதே மாவட்டத்தின் ஆத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த இ. பெரியசாமி துணைப் பொதுச்செயலாளராக இருப்பது, இது ஒரு கட்சிக்கே உரிய போக்கன்று எனக் காட்டுகிறது.

அதே பொதுக்குழு செய்த விதித்திருத்தம்தான் இந்த நகர்வை எழுத்தில் பதித்தது. பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிடுபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும். அவர் ஐந்தாண்டுகள் தலைமைக்கழக நிர்வாகியாகவும் இருந்திருக்க வேண்டும். வாக்குரிமை உறுப்பினரிடமே இருந்தது. வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்யும் உரிமை மாவட்டத்துக்குப் போனது. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார்.

பெயருக்கு வேட்புமனு போடுவோரைத் தடுக்கவே இந்நிபந்தனை என வாதிடலாம். மாவட்டச் செயலாளர்கள் தொண்டர்களுக்கு மட்டுமே பதில் சொல்பவர்களாக இருந்தால் அவ்வாதம் நிற்கும். அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் நடைமுறையில் தலைமையே என்பதால், தலைமை தன்னைத் தேர்ந்தெடுப்போரைத் தானே தேர்ந்தெடுக்கிறது.

2022 பொதுக்குழு செல்லும் என உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 23 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அக்கூட்டத்தின் தீர்மானங்கள் பற்றிய சட்டக் கேள்வியை அது முடிவு செய்யவில்லை. மாவட்டச் செயலாளரிடம் கணக்குக் கேட்ட ஒருவர் இன்றைய விதிப்படி வேட்பாளராகவே முடியுமா என்ற வரலாற்றின் கேள்விக்கு, முடியாது என்பதே விடை.