உமணரும் உமணர் மகளும்: வடகவுஞ்சிச் சாலையில் இரண்டு சுமைகள்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. அச்சாலையில் சவரிக்காட்டைக் கடந்து பெருமாள்மலையை நெருங்குவதற்கு முன் வடகவுஞ்சிக்குப் பிரியும் வழி வருகிறது. காலை வேளையில் இவ்வழியே செல்வோர், பனிமூட்டத்துக்கிடையே ஓரங்கட்டி நிற்கும் சிறிய சரக்கு வண்டி ஒன்றைக் காணாமல் கடப்பது அரிது. மருந்துக்கடைக்கு ஓர் அட்டைப்பெட்டி, பள்ளிக்கு நோட்டுப் புத்தகக் கட்டு, தோட்டத்துக்கு இரண்டு மூட்டை உரம், பழுது பார்த்துத் திரும்பும் ஒரு மோட்டார், மலையில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குத் தாய் அனுப்பிய பாத்திரப் பெட்டி என்று அதனுள் பலருடைய பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஓட்டுநர் இறங்குகிறார்; பின்கதவைத் திறக்கிறார்; பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படிக்கிறார்; தோளில் ஏற்றி இறக்குகிறார்; கையெழுத்து வாங்குகிறார்; வரவேண்டிய பணத்தை எண்ணிக்கொள்கிறார்; மறுபடி ஏறுகிறார். அடுத்த வளைவில் இதே வேலை மீண்டும் தொடங்குகிறது.

அதே நேரத்தில் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ புறப்பட்ட பெரிய லாரி ஒன்று, ஒரே ஒருவருடைய ஒரே சரக்கை ஏற்றிக்கொண்டு, மூன்று நான்கு மாநிலங்களைக் கடந்து வடக்கே போய்க்கொண்டிருக்கும். ஊர் வழக்கில் இருவரும் லாரிக்காரர்களே. ஆயினும் இவ்விருவர் வாழ்க்கையும் ஒன்றல்ல. வரலாறு அவர்களை நினைவில் வைத்திருக்கும் முறையும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

தொழில் வழக்கில் முன்னது 'பார்சல்', பின்னது 'புல் லோடு'. ஒரு வண்டி நிறையுமளவு சரக்கு ஒருவரிடமே இருந்தால் அவர் வண்டி முழுவதையும் வாடகைக்குப் பிடிக்கிறார். அவ்வளவு இல்லாதவர்களின் சிறு சுமைகளைச் சேர்த்து, பிரித்து, மீண்டும் சேர்த்து, ஒவ்வொருவர் வாசலிலும் இறக்குவது பார்சல். முன்னதில் தூரம் வேலையின் அளவு. பின்னதில் உருப்படியின் எண்ணிக்கை வேலையின் அளவு.

இப்பிரிவு மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. அகநானூற்றின் 140ஆம் பாடலை நம் வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். அம்மூவனார் பாடியது. அதில் உப்பு வணிகராகிய உமணரின் மகள், வளையல்கள் ஒலிக்கக் கைவீசி நடந்து, நெல்லுக்கு உப்பு மாற்றலாம் என்று சேரியில் கூவுகிறாள். புதிய குரலைக் கேட்ட வீட்டு நாய் குரைக்கிறது, அவள் அஞ்சுகிறாள். அவளைக் கண்டு மனம் இழந்த தலைவன் தன் துயரத்துக்கு உவமை தேடும்போது, அவளுடைய தந்தையின் வண்டியே அவன் நினைவுக்கு வருகிறது. சேற்றில் அழுந்திய வண்டியை வலித்திழுக்கும் எருது விடும் வெப்ப மூச்சைப்போல் இருக்கிறதாம் அவன் பெருமூச்சு.

இது காதற் பாட்டு என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு தொழிலின் இரு முனைகளையும் ஒரே பாட்டில் வைத்துக் காட்டியிருப்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம் என்றே தோன்றுகிறது. தந்தை நெடுவழியில் மொத்தச் சுமையை இழுக்கிறான். அவன் இடர் சேறு. மகள் அச்சுமையைப் படிபடியாகப் பிரித்து வீடுவீடாகக் கொண்டுசேர்க்கிறாள். அவள் இடர் வாசலில் குரைக்கும் நாய். இரண்டு இடர்களையும் அப்புலவர் கண்டிருக்கிறார்.

பொதுவாகப் பார்த்தால் தந்தைக்குக் கிடைத்த இடம் பெரிது. பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டிகளின் வரிசையை விரிவாகக் காட்டுகிறது. மிளகுப் பொதி சுமந்து முதுகில் வடு ஆழ்ந்த கழுதைகளையும், சுங்கம் கொள்ளும் பெருவழியின் காவலையும் காட்டுகிறது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை, உமணர் தம் வண்டியின் அடியில் முன்னெச்சரிக்கையாகக் கட்டிவைக்கும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்றைய லாரியின் ஸ்டெப்னிக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய முன்னோடி அது. நெடுவழி வண்டிக்காரனின் பொருள்கள் அரசகுமாரனுக்கு உவமையாகும் அளவுக்குப் புலவர் மனத்தில் பதிந்திருந்தன.

பழனிமலையின் கதையோ பெரும்பாலும் மகளின் பக்கத்தைச் சேர்ந்தது. மலைமேல் பெருவழி இல்லை, வண்டி ஏறாது. ஆயினும் பொருள்கள் ஏறியிருக்கின்றன. பேராசிரியர் கா. இராஜன் தலைமையில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் கீழ்மலையிலுள்ள தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில், பெருங்கற்காலப் புதைகுழிகளிலிருந்து சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்த மலையில் விளையாத கல் அது. யாரோ ஒருவர் மடியிலோ தலையிலோ வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். மணியை இட்டுப் புதைத்தவர்களைப் பற்றி நாம் பலவாறு எழுதியிருக்கிறோம். சுமந்து வந்தவரைப் பற்றி எழுத நம்மிடம் எதுவுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிலை இதுவே. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். 1875இல் ரயில்பாதை மதுரையை எட்டிய பிறகும், மலைமேல் மோட்டார் ஏறும் சாலை வந்தது 1910களின் நடுவில்தான். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் அந்நகருக்கு வேண்டிய அத்தனை பொருளும் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் கூலியாட்களின் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் சென்றன. துரைமார்களும் சீமாட்டிகளும்கூட நாற்காலியில் அமர்ந்து மனிதத் தோள்மீது ஏறினர். சாலையின் முதல் கட்ட வேலையை நடத்திய அதிகாரி லா என்பவரின் பெயர் 'லாஸ் காட்' என்று மலைப்பாதைக்கு நிலைத்துவிட்டது. எழுபது ஆண்டு சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் ஒரு வளைவுக்குக்கூட நிலைக்கவில்லை. அப்பழைய பாதையிலுள்ள வெள்ளகவிக்கு இருபத்தோராம் நூற்றாண்டிலும் அரிசியும் எண்ணெயும் குதிரை முதுகில் சென்றதை மலையேறச் சென்றவர்கள் கண்டிருக்கிறார்கள்.

மோட்டார் வந்தபின் சிறு சுமைகள் முதலில் பேருந்தின் கூரைமேல் ஏறின. பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931இல் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், மலையடிவார ஊர்களை இணைத்த பேருந்து நிறுவனம். 1970களின் தொடக்கத்தில் தமிழகத்தில் பேருந்துகள் அரசுடைமையாயின. ஏ.பி.டி. என்ற அந்தச் சுருக்கப் பெயர் பின்னாளில் பார்சல் லாரிகளின் பெயராகவே மக்கள் மனத்தில் நிலைத்தது. கூரையில் இருந்தது தனி வண்டியாகவும், தனி வண்டி தனித் தொழிலாகவும் வளர்ந்த காலம் அது. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது இத்தொழிலின் கடைசிக் கண்ணியும் மாறியது. பெரிய லாரி திரும்ப இயலாத சந்துக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் நுழையக்கூடிய அதை மக்கள் குட்டியானை என்றனர்.

மறுபுறம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரம் நெடுந்தூர லாரியின் தலைநகராயிற்று. 1975இல் வந்த தேசிய அனுமதி முறை மாநில எல்லைகளை அந்த லாரிகளுக்குத் திறந்துவிட்டது. கிளீனராக ஏறி ஓட்டுநராகி, பின்பு உரிமையாளரும் ஆனவர்களின் கதைகள் அவ்வட்டாரத்தில் பெருமையோடு சொல்லப்படுகின்றன. லாரி வேலைநிறுத்தம் என்றால் நாளிதழின் முதற்பக்கச் செய்தி.

இவ்விரு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நெடுந்தூர ஓட்டுநரின் துயர் முதலில் பிரிவுத் துயர். வாரக்கணக்கில் வீடு இல்லை. சமையலும் உறக்கமும் லாரியிலேயே. போன ஊரில் ரிட்டன் லோடு கிடைக்காமல் நாட்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். வழியில் தெரியாத மொழி பேசும் அதிகாரிகள். இதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் அவர் வேலையல்ல. தார்ப்பாயைக் கட்டி முடித்தால், சேருமிடம் வரை சுமை ஒன்று, ரசீது ஒன்று, பொறுப்பும் ஒன்று.

மலையில் ஓடும் பார்சல் ஓட்டுநர் அன்றிரவே வீடு திரும்புகிறார். அதனாலேயே அவர் வேலை எளிது என்ற எண்ணம் நம்மிடம் பரவியிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். வண்டியில் ஐம்பது உருப்படி, முப்பது இடங்கள் என்று வைத்துக்கொண்டால், முப்பது முறை இறங்கி ஏற வேண்டும். முப்பது முகவரி, முப்பது கையெழுத்து. பணம் கொடுத்துப் பெறும் பார்சலானால் அத்தனை சில்லறைக் கணக்கு. முதலில் இறக்கவேண்டியது மேலே இருக்கும்படி விடியுமுன் அடுக்க வேண்டும். அடுக்கு தவறினால் கொண்டை ஊசி வளைவில் பெட்டி சரியும். மாலையில் ஓர் உருப்படி குறைந்தால் முதல் கேள்வி அவரிடமே. இறங்கும்போது வண்டி வெறுமையாக வருவதில்லை. காப்பி மூட்டை, சௌசௌ, வெண்ணெய்ப்பழம், பூண்டு என்று மலையின் விளைச்சலும் சிறுசிறு சாக்குகளாகவே அவரிடம் வந்துசேர்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு நெடுந்தூர லாரியில் ஏறுமுன், ஏதோ ஒரு சிறு வண்டியில் கீழிறங்கியே ஆகவேண்டும்.

அவருடைய வேலையில் படிப்பும் ஒரு பகுதி. மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் கவுஞ்சி என்றோர் ஊர் உண்டு. முகவரியில் 'வட' என்ற இரண்டெழுத்து விடுபட்டால், வடகவுஞ்சிக்கு வரவேண்டிய மருந்துப்பெட்டி கொடைக்கானலையும் தாண்டி மலையின் மறுகோடிக்குப் போய்விடும். பெறுபவரின் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் 'இது அந்தக் கவுஞ்சியன்று' என்று அறிபவர் ஓட்டுநரே. இந்த அறிவு எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை.

சட்டம் இவரை எவ்வாறு பார்க்கிறது? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுத்தது. நெடுந்தூர வழித்தடங்களைத் தனியே நினைத்துப் பார்த்து, அனுமதியுடன் பத்து மணி வரை இடங்கொடுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களேனும் உள்ள நிறுவனத்துக்கே அச்சட்டம் பொருந்தும். ஒற்றை வண்டியைத் தானே வைத்து ஓட்டுபவரும், ஓரிரு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை செய்பவரும் அதன் வெளியே நின்றனர். அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, அவ்வரம்பைப் பத்தாக உயர்த்தியது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி வந்தது, வரவேற்கத்தக்கதே. அவ்விதி மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் உரியது. குட்டியானை அதற்கும் கீழே நிற்கிறது.

நெடுந்தூர ஓட்டுநருக்கு மட்டும் சட்டம் முழுக் காவலாக இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. தேசிய அனுமதி லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றிருந்த விதி 2018இல் நீக்கப்பட்டது. ஆயினும் அவர் கண்ணில் படுகிறார். விதி அவருக்காகப் போடப்படுகிறது, அவருக்காக நீக்கப்படுகிறது. மற்றவர் கணக்கிலேயே வருவதில்லை.

இது தொழிலின் இயல்பு, தவிர்க்க முடியாதது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் நிலை ஏறக்குறைய இதற்கு நேர்மாறாக இருந்தது. ஜிம்மி ஹோஃபா தலைமையில் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் 1964இல் செய்துகொண்ட தேசிய ஒப்பந்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களை ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தது. 1980இல் அரசுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், முழுச்சுமை நெடுந்தூர ஓட்டுநர்களே பெரும்பாலும் அக்குடைக்கு வெளியே தள்ளப்பட்டனர். சிறு சுமைகளைப் பிரித்துச் சேர்க்கும் நிறுவனங்களில் சங்கம் நெடுங்காலம் நிலைத்தது. அங்கு ஓட்டுநருக்கு நிலையான ஊதியமும் ஓய்வூதியமும் இருந்தன. காரணம் எளிது. சிறு சுமைகளைப் பிரிக்க ஒரு பொது நிலையம் வேண்டும், அங்கு ஓட்டுநர்கள் நாள்தோறும் ஒருவரையொருவர் காண்கிறார்கள், காண்பவர்கள் பேசுகிறார்கள். அந்த உலகும் நிலையானதன்று. அவ்வகைப் பழம்பெரும் நிறுவனங்களில் ஒன்றான யெல்லோ 2023இல் மூடப்பட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர்.

நம் நாட்டிலும் பார்சல் ஆபீஸ் உண்டு. பிரித்து அடுக்கும் கிடங்கு உண்டு. ஆனால் கிடங்கிலிருந்து வாசல் வரையிலான கடைசி வழி, ஆளுக்கொரு வண்டியாகச் சிதறிக் கிடக்கிறது. மலைப்பாதையில் அவர்கள் ஒருவரையொருவர் காண்பது, எதிரெதிரே வந்து ஒதுங்கி வழிவிடும் அந்த ஒரு நொடியில்தான்.

வடகவுஞ்சி போன்ற ஊருக்கு நெடுந்தூர லாரி நேரே வருவதில்லை. உலகம் அவ்வூருக்கு வருவதும், அவ்வூர் உலகுக்குப் போவதும் சிறு மூட்டைகளாகவே. அம்மூட்டைகளைச் சுமந்தவர்களின் வரலாற்றை எழுத முற்பட்டால் நமக்குக் கிடைப்பது ஒரு மணி, ஒரு பாதை, ஒரு வண்டியின் செல்லப்பெயர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இன்று ஓட்டுபவர்களின் நினைவுகளையேனும் அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைக்கலாம். எந்த வளைவில் எந்த வீடு, எந்த மழையில் எந்தப் பாதை அடைபட்டது, யாருக்கு எது வந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அம்மலையின் அரை நூற்றாண்டு வாழ்க்கை அந்த நினைவுகளில் இருக்கிறது. உமணர் மகளின் அச்சத்தை ஒரு நாய்க்குரைப்பில் பதிந்துவைத்த மொழி நம்முடையது. அவளுக்குப் பின் அதே வேலையைச் செய்தவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க அதற்கு இயலாமற் போகாது என்றே நம்புகிறோம்.