இளங்குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் கதிர் மருத்துவம்

இளங்குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் கதிர் மருத்துவம் என்பது, பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளையில் தோன்றும் கட்டிகளை உயர் ஆற்றல் கதிர்களால் அழிக்கும் முறையாகும். இக்கதிர் உயிரைக் காக்கிறது; அதே வேளையில் வளரும் மூளையைப் பாதிக்கவும் செய்கிறது. எனவே கதிரை எந்த வயதில், எவ்வளவு, எவ்விடத்தில் கொடுப்பது என்பதே இத்துறையின் முதன்மைச் சிக்கலாகும்.

கட்டிகளும் அறிகுறிகளும்

சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா, மூளை நீரறைகளின் உட்பரப்பை ஒட்டித் தோன்றும் எபென்டைமோமா ஆகியவை இவ்வயதில் காணப்படும் முக்கியமான கட்டிகளாகும். காலையில் வாந்தி, தலைவலி, தள்ளாடும் நடை, மாறுகண், கைக்குழந்தையின் தலை அளவுக்கு மீறிப் பெருத்தல் ஆகியன அறிகுறிகள். வாந்தியை வயிற்றுக் கோளாறு எனக் கருதுவதால் நோயைக் கண்டறிவது தாமதமாவதுண்டு.

வளரும் மூளையில் விளைவுகள்

முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மிக விரைவாக வளர்கிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை உருவாகிறது. இக்காலத்தில் மூளை முழுவதும் கதிர் பட்டால் கற்றல் திறன், நினைவாற்றல் ஆகியவை குறையலாம். பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால் உடல் வளர்ச்சி குன்றும். வயது குறையக் குறையப் பாதிப்பு மிகும்.

வரலாறு

மெடுல்லோபிளாஸ்டோமா மூளைத் தண்டுவட நீரின் வழியே பரவக்கூடியது. ஆதலால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் முழுமையாகக் கதிர் கொடுக்கும் முறையின் பயனை மான்செஸ்டரைச் சேர்ந்த எடித் பேட்டர்சன் 1953-இல் வெளியிட்டார். குழந்தைகள் பிழைத்தனர், ஆனால் பின்விளைவுகளும் தெரியவந்தன.

இதனால் வேதிச்சிகிச்சையை முதலில் அளித்துக் கதிரைத் தள்ளிப்போடும் முறை அமெரிக்காவில் ஆராயப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட 198 குழந்தைகள் பங்கேற்ற இவ்வாய்வு 1993-இல் வெளியானது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு ஆண்டுகளும், மற்றவர்களுக்கு ஓர் ஆண்டும் கதிர் தள்ளிப்போடப்பட்டது. பலருக்கு இது பயனளித்தது. எனினும் எபென்டைமோமா உள்ளோருள் இரண்டு ஆண்டு காத்திருந்த பிரிவில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு சுமார் 26 விழுக்காடாகவும், ஓராண்டு காத்திருந்த பிரிவில் சுமார் 63 விழுக்காடாகவும் இருந்தது. அளவுக்கு மீறிய தாமதமும் ஆபத்து என்பதை இது உணர்த்தியது.

கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரைக் குவிக்கும் முறை வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் எபென்டைமோமா உள்ள 153 பேருக்கு அறுவைக்குப்பின் உடனே இவ்வாறு கதிர் கொடுக்கப்பட்டது. ஏழாண்டு உயிர்பிழைப்பு 81 விழுக்காடு என 2009-இல் வெளியாயிற்று. மாறாக, பரவாத மெடுல்லோபிளாஸ்டோமாவை முழுமையாக அகற்றிய இளங்குழந்தைகள் பலர் கதிரின்றி வேதிச்சிகிச்சையாலேயே பிழைக்க முடியும் என 2005-இல் செருமானிய ஆய்வு காட்டியது. எனவே எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே விதி பொருந்தாது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத்துறையை 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் உருவானது. 2019-இல் சென்னையில் புரோட்டான் கதிர் மருத்துவ மையம் திறக்கப்பட்டது. புரோட்டான் கதிர் கட்டியைத் தாண்டிச் செல்லாது நின்றுவிடுவதால் பின்னுள்ள மூளைப்பகுதி காக்கப்படுகிறது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், வீரியம் குறைந்த மூளைக்கட்டியுள்ள, 3 முதல் 25 வயது வரையிலான 200 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. துல்லியமாகக் குவித்த கதிர் பெற்றோருக்கு அறிவுத்திறன் பாதிப்பு குறைவாக இருந்தது. புதிய சுரப்பிக் குறைபாடு இவர்களிடம் 31 விழுக்காடும், வழக்கமான கதிர் பெற்றோரிடம் 51 விழுக்காடும் ஏற்பட்டது. உயிர்பிழைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

சிகிச்சையும் தொலைவும்

கதிர் பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்கள், சுமார் 30 தவணைகளாக அளிக்கப்படும். இளங்குழந்தை அசையாதிருக்க ஒவ்வொரு நாளும் மயக்கமருந்து தேவைப்படும். சேலம் மாவட்டம் ஓமலூரிலிருந்து வேலூர் சுமார் 200 கி.மீ., சென்னை சுமார் 350 கி.மீ. தொலைவில் உள்ளன. இத்தகைய ஊர்களின் குடும்பங்கள் சிகிச்சைக்காக அங்கெல்லாம் சென்றால், பெற்றோரில் ஒருவரேனும் வேலையை விட்டு மாதக்கணக்கில் தங்க நேரிடும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய கட்டி மீண்டும் வளரும். தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையையும் உள்ளடக்கியது. சிகிச்சை முடிந்த பின்னரும் பள்ளிக் கல்வி, வளர்ச்சி, செவித்திறன் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கண்காணித்தல் அவசியமாகும்.