மூச்சும் குருதியும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே பெரியவர் ஒருவர் உரத்துக் குறட்டை விட்டு உறங்குவாராயின், நல்ல நித்திரை என்று வீட்டார் மனநிறைவு கொள்வர். அக்குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் ஓசையின்றி இருந்து, பின் ஒரு திணறலோடு மீளுமாயின், அதனையும் பொருட்படுத்துவாரில்லை. அந்த ஓசையற்ற வேளையிலே குருதியின் இயல்பு மாறுகின்றது என்பதை மருத்துவ உலகம் மிகப் பிந்தியே அறிந்தது. ஆனால் அதனை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய பாடம் மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் நடந்தது.

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டிலே மாணாக்கரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனா மொழி. ஆங்கிலம் கற்றவர் ஊரை விட்டு உத்தியோகம் தேடிச் செல்லக் கண்டார். ஆகவே தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்த பின்னர்த் தமிழுக்கு மாறினார். தமிழ்ச் சொல்லை முதலிலும், கிடையாவிடின் வடசொல்லையும், அதுவும் இன்றேல் ஆங்கில ஒலியையும் கொள்வது அவர் முறை. உடலமைப்பு நூல் 'அங்காதிபாதம்' ஆயிற்று. உடற்றொழில் நூல் 'சுகரணம்' ஆயிற்று. 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். இப்பெயரைக் கேட்டு இன்று நகைப்போர் உண்டு. எனினும் புதிய கலைக்குப் பழைய பெயரிட்டு மயக்காத நேர்மை அதில் இருக்கின்றது.

1883இல் 'மனுஷ சுகரணம்' வெளிவந்தது. மூச்சிலே வரும் ஒட்சிசனைக் குருதி ஏற்பதும், கரியமில வாயுவைக் கழிப்பதும் உடற்றொழிற் கல்வியின் அடிப்படைகள். கொழும்பிலே 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியோ ஆங்கிலத்தையே கைக்கொண்டது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை.

உறக்கத்திலே தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடும் நோயை 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர் கண்டனர். 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலே கில்லமினோ முதலியோர் அதற்குப் பெயரிட்டனர். மூச்சு 10 விநாடியேனும் தடைப்படுவது ஒரு நிறுத்தம். மணிக்கு 30 நிறுத்தங்களைக் கடந்தால் நோய் கடுமையானது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குருதியில் ஒட்சிசன் குறையும், கரியமில வாயு மிகும். ஆபத்து நேர்ந்ததென உடல் எண்ணும், அதிரினலின் சுரக்கும், கல்லீரல் வெல்லத்தைக் குருதியில் விடும். இன்சுலினுக்கு உடல் முன்போல் இணங்குவதில்லை. கொழுப்பமிலங்களும் பெருகக்கூடும். விடியுமுன் இது பலநூறு முறை நிகழ்ந்தால், இரத்த அழுத்தமும் நீரிழிவும் வேரூன்ற இடம் உண்டாகும். இனிப்பைக் குறைத்தும் காலைவெல்லம் இறங்கவில்லையே என்று வருந்துவோரிற் சிலரேனும் தம் இரவை ஆராயவேண்டும்.

1981இல் சிட்னியிலே சலிவன் என்னும் மருத்துவர், மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். உடற்பருமனைக் குறைப்பதும் பலருக்கு உதவும்.

நோயாளி தன் மூச்சு நின்றதை அறிவதில்லை. பக்கத்தில் விழித்திருக்கும் மனைவியே முதற் சாட்சி. "இவர் நித்திரையிலே மூச்சு நின்று நின்று வருகுது" என்று அவர் தமிழிலேதான் வைத்தியரிடம் சொல்லுவார்.