தோடு கழற்றித் தந்த தாய்
புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன் (1925 – 2014)

ஒரு சமுதாயத்தின் வரலாறு அரசாங்க ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. இல்லந்தோறும் வாழும் பாட்டிமார்களின் நெஞ்சிலும் அது குடிகொண்டிருக்கிறது. அவர்கள் மறையும்போது, எழுதப்படாத ஏடுகள் பலவும் அவர்களோடு மறைந்து போகின்றன. மலேசியத் தமிழ்ச் சமுதாயம் அவ்வாறு இழந்த பெருமூதாட்டியருள் ஒருவர், 2014-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் தமது 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்த புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன் அம்மையார் ஆவார்.

செல்வக் குடியில் பிறப்பு

அம்மையார் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் கோலாலம்பூரில், வசதி மிக்கதொரு தமிழ்க் குடும்பத்தில் தோன்றினார். மலாயாத் தமிழருள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிப் பிழைத்த காலம் அது. நகரத்தில் செல்லமாக வளர்ந்த ஜானகிக்கு லயத்து வாழ்க்கையின் துயரம் நேரில் தெரிய வாய்ப்பில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கால் பதித்தனர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் சயாம் – பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். லயங்களில் பெண்டிரும் பிள்ளைகளும் ஆதரவற்று நின்றனர்.

ஒரு சோடித் தோடு

இந்த இருண்ட காலத்தில், 1943 ஜூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய விடுதலைக்காக உடல், பொருள், ஆவி அனைத்தையும் ஈயுமாறு தென்கிழக்காசிய இந்தியரை அழைத்தார். பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்றார். அவ்வழைப்பைக் கேட்ட பதினெட்டு வயது ஜானகி, தம் காதுகளில் அணிந்திருந்த விலையுயர்ந்த தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார்.

தமிழ்க் குடும்பங்களில் கன்னிப் பெண்ணின் காது வெறுமையாயிருத்தல் ஆகாது. மூளிக் காதோடு மகள் வீடு திரும்புவதை எந்தத் தாயும் தாங்கமாட்டாள். ஆனால் ஜானகி கொடுத்தது தோட்டோடு நிற்கவில்லை. தம்மையே கொடுக்க முன்வந்தார். ஜான்சி ராணிப் படையில் சேரவேண்டும் என்றதும் தந்தையார் கடுமையாக மறுத்தார். போர்க்காலத்தில் பருவ மகளைப் படைக்கு அனுப்ப அஞ்சிய தந்தையைக் குறை கூற இயலாது. எனினும் மகளின் உறுதியே இறுதியில் வென்றது.

படைவீட்டில்

1943 அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் பெண்கள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி தலைமை ஏற்றார். பஞ்சணையில் வளர்ந்த ஜானகிக்குப் படை வாழ்க்கை தொடக்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. நாளடைவில் பழகித் தேறினார், அதிகாரியானார், படையின் இரண்டாம் நிலைத் தலைவியாகவும் உயர்ந்தார்.

அப்படையில் சேர்ந்தவருள் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால்வாளி சுமந்த கைகளும் பட்டுத் துகில் தொட்ட கைகளும் ஒரே துப்பாக்கிப் பயிற்சி பெற்றன. சாதி, சமய வேறுபாடின்றி அனைவரும் ஒரே பந்தியில் உண்டனர். மலாயாத் தமிழர் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. பின்னாளில் அம்மையாரின் சமுதாயத் தொண்டுக்கு இந்தத் தோழமையே வித்தாயிற்று எனலாம்.

போர்க்களத்தில் நேருக்கு நேர் பொருதும் வாய்ப்பு அப்படைக்குக் கிட்டவில்லை. பர்மாவில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவப் பணி புரிந்தனர். பின்வாங்கும் வழியில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு வீராங்கனைகள் தாக்குதலுக்குப் பலியாயினர். 1945 ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு இரங்கூனை விட்டுப் புறப்பட்ட நேதாஜியோடு ஜானகியும் அவர்தம் படைப்பெண்களும் குண்டுவீச்சுக்கிடையே ஆறுகளைக் கடந்து, நெடுவழி நடந்து பாங்காக்கை அடைந்தனர்.

பிறந்த மண்ணுக்குத் தொண்டு

போர் முடிந்தது. பலர் பழங்கதை பேசி ஓய்ந்திருக்கலாம். இருபத்தோரு வயது ஜானகி ஓயவில்லை. பசியாலும் பிணியாலும் வாடிய மக்களுக்கு உதவ இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு இணைந்து பணியாற்றினார். 1946 ஆகஸ்டில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது, அதன் நிறுவன உறுப்பினருள் ஒருவராகத் திகழ்ந்தார். இந்தியாவின் விடுதலைக்காகத் தொடங்கிய பயணம், பிறந்த மண்ணில் வாழும் இந்தியரின் உரிமைக்கான தொண்டாக மலர்ந்தது.

வழக்கறிஞரும் பத்திரிகையாளருமாய் விளங்கி, பிற்காலத்தில் மலேசிய அமைச்சரவையில் இடம்பெற்ற ஆதி நாகப்பன் அவர்கள் அம்மையாரின் துணைவர் ஆவார். 1976-ல் அவரை இழந்தபின் அம்மையார் ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். நாடாளுமன்ற மேலவையில் செனட்டராகவும் அவர் பணியாற்றியதுண்டு. 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்துப் போற்றியது.

எழுதப்படாத ஏடுகள்

அம்மையாரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. ஆயின் அவரோடு அணிவகுத்து நடந்த தோட்டத்துப் பெண்களின் நிலை வேறு. அவர்கள் மீண்டும் பால்வாளி ஏந்தினர், மணம் முடித்தனர், பேரன் பேத்தி எடுத்தனர். வீட்டிலுள்ளோர் பலருக்கே அவர்கள் துப்பாக்கி ஏந்திய செய்தி தெரியாது. விருதும் இல்லை, ஏட்டில் பெயரும் இல்லை.

அவர்களுள் பெரும்பாலோர் இன்றில்லை. அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். பெட்டியடியில் கிடக்கும் பழைய நிழற்படம், மங்கிய கடிதம், தாய் சொல்லக் கேட்ட ஒரு செய்தி ஆகியவையே எஞ்சிய சான்றுகள். இளையோர் அவற்றைத் தேடிக் கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். ஜானகி அம்மையாருக்குச் செலுத்தத் தக்க நன்றிக்கடன், அவருடைய தோழியரையும் மறவாதிருத்தலே ஆகும்.