சிப் போட்ட மெஷின்கள்

பிளேஸ்டேஷன், நின்டெண்டோ, எக்ஸ்பாக்ஸ் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் படத்தின் தெளிவையும் பிராசஸரின் வேகத்தையும்தான் பேசுகிறார்கள். விழுப்புரத்தில் டிவி ரிப்பேர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மெஷின்களைத் திறந்து பார்த்த எனக்கு அந்தக் கதை ஒப்பவில்லை. எந்த டிஸ்க்கை நம் ஊரில் காப்பி போட முடிந்ததோ, எந்த லென்ஸை நம்மால் மாற்ற முடிந்ததோ, அந்த மெஷின்தான் இங்கே நிலைத்தது.

முதலில் வந்தது ‘டிவி கேம்’. 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல்கள், ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ போன்ற பெயர்களில் விற்றன. கேசட்டுக்குள் இருப்பது சிப் என்பதால் ஊரில் யாராலும் காப்பி எடுக்க முடியாது. புது கேசட் வேண்டுமென்றால் ரயிலேறி சென்னை பர்மா பஜாருக்குத்தான் போகவேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவான கடைவீதி அது.

சிடிக்கு மாறிய கதை ஒரு சண்டையில் தொடங்கியது. நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து சிடியில் ஓடும் மெஷின் ஒன்றைச் செய்வதாக 1988-இல் ஒப்பந்தம் போட்டன. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்த மறுநாளே, பிலிப்ஸுடன் கூட்டு என்று நின்டெண்டோ சொல்லிவிட்டது. சோனி தனியாக இறங்கி 1994 டிசம்பர் 3-ஆம் தேதி பிளேஸ்டேஷனை வெளியிட்டது. நின்டெண்டோ 1996-இல் கொண்டுவந்த ‘64’ மெஷினிலும் கேசட்டை விடவில்லை. அதில் அதிகபட்சம் 64 எம்பிதான் அடங்கும், சிடியிலோ 650 எம்பி. அந்த நின்டெண்டோ என் பெஞ்சுக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

பிளேஸ்டேஷன் சிடியைக் காப்பி போட்டால் ஓடக்கூடாது என்று சோனி நுட்பமாக ஒன்று செய்திருந்தது. டிஸ்க்கின் உள்விளிம்பில், தரவு தொடங்குமுன், தடம் லேசாக வளைந்து வளைந்து ஓடும். எந்தப் பிராந்தியத்து டிஸ்க் என்ற நான்கு எழுத்து அந்த வளைவில் இருக்கிறது. சாதாரண சிடி ரைட்டரால் அதை எழுத முடியாது. அதே நான்கு எழுத்தைத் தானே சொல்லிவிடும் குட்டிச் சிப் ஒன்றை போர்டில் பற்றவைத்தால் மெஷின் ஏமாந்துவிடும். மெஷின் வாங்க வந்தவர் முதலில் கேட்டது, “சிப் போட்டதாண்ணா?” என்றுதான். சட்டப்படி அது தவறு, கேம் செய்தவர்களுக்கு நம் ஊரிலிருந்து ஒரு காசும் போகவில்லை என்பதையும் சேர்த்தேதான் இந்த வரலாற்றை எழுதவேண்டும்.

மெஷின்கள் வந்த வழியும் முக்கியம். திண்டிவனத்தில் சென்னைச் சாலையும் பாண்டிச் சாலையும் சேர்கின்றன. பாண்டியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த பிளேஸ்டேஷன்கள், பழசானபின் திண்டிவனத்து கேம் சென்டர்களுக்கு வந்து சேர்ந்தன. அவை 230 வோல்ட்டில் ஓடும், நம் டிவிக்கு ஏற்ற பால் முறையில் படம் தரும். பர்மா பஜார் வழியாக வந்த ஜப்பான் மெஷினோ 100 வோல்ட்டுக்குச் செய்தது, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் பவர் சப்ளை போய்விடும். படம் என்டிஎஸ்சி முறையில் வருவதால் பழைய டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ‘டெக்கன் 3’-ஐக் கறுப்பு வெள்ளையிலேயே ஆடி முடித்த பையன்கள் விழுப்புரத்தில் இருந்தார்கள்.

முதல் மாடல்களுக்கு இன்னொரு நோய். லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் பகுதி பவர் சப்ளையின் சூட்டில் தேய்ந்து சாய்ந்துவிடும், படம் விட்டுவிட்டு வரும். கடைக்காரர்கள் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டினார்கள். உலகம் முழுக்கப் பயன்பட்ட வைத்தியம் அது. நான் லென்ஸுக்குக் கீழே உள்ள ப்ரீசெட்டை ஒரு முடியளவு திருப்பிக் கொடுப்பேன், இன்னும் சில மாதம் ஓடும்.

காப்பி போட முடிவது மட்டும் போதாது என்பதற்கு சேகாவின் டிரீம்காஸ்ட் சாட்சி. அதன் டிஸ்க் 1 ஜிபி. சிப்பே போடாமல் காப்பி சிடி ஓடியது. ஆனால் 2001 மார்ச்சில் சேகா தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நின்டெண்டோ கேம்க்யூபின் டிஸ்க்கோ 8 சென்டிமீட்டர்தான், அதில் சினிமா டிவிடியும் போட முடியாது. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 இந்த இடத்தில்தான் வென்றது. 4.7 ஜிபி டிவிடி, பழைய சிடி கேமும் ஓடும், ராத்திரி வீட்டில் படமும் பார்க்கலாம். ‘கிரிக்கெட் 07’ கம்ப்யூட்டரைத் தவிர இந்த மெஷினுக்கு மட்டுமே வந்தது. நம் ஊரில் வேறு காரணமே தேவைப்படவில்லை.

2004-இல் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்ததும் சிடி கடைகள் அஞ்சின. சினிமா டிஸ்க் உள்ளே போனது, கேம் டிஸ்க்கும் கேட்டால்தான் வெளியே வந்தது. 2006-இல் அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியபோது, பழைய பிளேஸ்டேஷனை வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களும் கிளம்பினார்கள். கேம் சென்டர்கள் முதலில் அடிவாங்கியது அங்கேதான் என்பது என் கணிப்பு.

உலகத்தில் அப்போது டிவிடிக்கு அடுத்த இடத்துக்குப் புளூ-ரேயும் எச்டி டிவிடியும் மோதிக்கொண்டிருந்தன. 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. புளூ-ரே போடும் பிளேஸ்டேஷன் 3, 2007-இல் இந்தியாவில் 39,990 ரூபாய். அந்த டிஸ்க்கைக் காப்பி போட்டு ஓட்ட அப்போது வழியில்லை, மணிக் கணக்கில் வாடகை வாங்கும் கடைக்கு அந்த முதல் கட்டுபடியாகாது. எக்ஸ்பாக்ஸ் 360 சாதாரண டிவிடியிலேயே நின்றதால் அதன் காப்பி டிஸ்க் மட்டும் கொஞ்சம் நடமாடியது.

பிறகு 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. முந்தைய ஆண்டிலிருந்தே, பேட்டரியில் ஓடும் அரசு மடிக்கணினி மாணவர்களிடம் வரத் தொடங்கிவிட்டது. அதே ‘கிரிக்கெட் 07’ பென்டிரைவில் கைமாறியது. சோனி பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பை நிறுத்திய செய்தி 2013 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகும் லென்ஸ் கேட்டு வந்தவர்களுக்கு, சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தவரை வாங்கிவந்து மாற்றிக் கொடுத்தேன்.